தாஜுதீன் காசுகளுக்கு ஜீனத்தக்கா செய்த பெட்டி

புதுச்சேரி முல்லா வீதியில் ஜீனத்தக்காவின் அட்டைப்பெட்டிக் கடை இருக்கிறது. கல்யாணத் தாம்பூலப் பெட்டி, ஸ்வீட் கடைக்கு அரைக் கிலோ பெட்டி, நகைக்கடைக்கு வெல்வெட் ஒட்டிய சின்னப் பெட்டி, எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பார். என் தங்கை கல்யாணத்துக்கு நானூறு பெட்டி அங்கேதான் போட்டேன். சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னாலேயே கட்டி வைத்திருந்தார். பழங்காசுக் கதையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் அவர் சொன்னது, கொஞ்சம் அவருடைய சிநேகிதி சந்திரகலா சொன்னது, கடைசியில் நடந்ததை நானே பார்த்தேன்.

அக்காவின் முழுப்பெயர் ஜீனத்துன்னிசா. முப்பத்துநாலு வயதில் கணவர் இறந்துபோனார். குழந்தைகள் இல்லை. அத்தா, அதாவது அப்பா தாஜுதீன், "வூட்டுக்கு வந்துடும்மா" என்று கூப்பிட்டார். அக்கா போகவில்லை. இருந்த வீட்டின் முன்னறையைத் தெருப்பக்கம் திறந்து வைத்து, அட்டை வெட்ட ஆரம்பித்தார். தாஜுதீனுக்கு அது பிடிக்கவில்லை. "கடை போட்டு ஒக்கார்ற வழக்கம் நம்ம வூட்டுப் பொம்பளைங்களுக்கு இல்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவுமில்லை, அந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்கவுமில்லை. பெருநாளைக்கு மகள் போய் சலாம் சொல்லிவிட்டு வருவார். பத்து வருஷம் அப்படியே போயிற்று.

தாஜுதீன் நேரு வீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே வாட்ச் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆளுக்கு இடமிருக்காது. நாற்பது வருஷம் அங்கேயே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பழங்காசு சேர்த்தார். பிரெஞ்சுக்காரன் காலத்துச் செப்புக்காசு, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம் ஊரார் இந்தோசீனாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக்காசு, நவாப் பேரில் அடித்தது என்று எல்லாம் உண்டு. அவர் 2005 டிசம்பரில் மௌத்தானார். இறந்து நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹா முடிந்த மறுநாள், அக்காவின் தம்பி அனஸ் ஆட்டோவில் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கடையில் இறக்கினார்.

"இது உனக்காம்க்கா."

"எனக்கா? எதுக்கு?"

"அத்தா ஆஸ்பத்திரியில இருக்கறப்போ சொன்னாரு. 'அந்த ஆல்பத்துல கெடந்து காசெல்லாம் கெட்டுப்போவுது. ஜீனத்துகிட்ட குடுத்துடு, அவ பொட்டி செய்றவ'ன்னாரு."

பெட்டி செய்கிறவள் என்று அத்தா சொன்னாராம். அனஸ் போகும்வரை அக்கா சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். போன பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதார்.

தகரப் பெட்டிக்குள் ஒன்பது ஆல்பங்கள் இருந்தன. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா, அதாவது பழைய சிப்பாய் ஒருவர் எப்போதோ பாரீஸிலிருந்து வாங்கி வந்து கொடுத்தவை. அந்தக் காலத்தில் அதைவிட நல்ல ஆல்பம் கிடையாது என்று தாஜுதீன் பெருமையாகச் சொல்வாராம். இப்போது திறந்தால் குப்பென்று ஒரு வாடை. பிளாஸ்டிக் பைகள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. காசுகள்மேல் பாசிபோலப் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. கடலோர ஊர், உப்புக்காற்று, தகரப் பெட்டிக்குள் புழுக்கம் வேறு.

அக்கா செய்த முதல் காரியம், நம்மில் யாராக இருந்தாலும் செய்திருக்கக் கூடியது. வெள்ளிக்காசு எட்டைப் பிய்த்தெடுத்து, புளியில் ஊறவைத்து, பல்பொடி போட்டுத் தேய்த்தார். பெருநாளைக்குக் கொலுசு தேய்ப்பதுபோல. காசுகள் பளபளவென்று வந்துவிட்டன. அத்தா பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாராம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறுகளில் பழங்காசு சேர்ப்பவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு, எட்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். அந்தக் கூட்டத்தை நடத்தியவர் கமலக்கண்ணன். மின்துறையில் வேலை, அக்காவின் வயதுதான் இருக்கும். கைக்குட்டையைப் பிரித்ததும் குனிந்து பார்த்தார். உட்கார்ந்த நிலையில் பெண் உருவம் போட்ட இந்தோசீனாக் காசு ஒன்றை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"யாரும்மா தேய்ச்சது?"

"நான்தான் சார்."

அவர் காசைக் கீழே வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க."

பார்த்தால் காசு முழுக்க மயிரிழைக் கீறல்கள். பெண்ணின் முகத்தில் மூக்கு மழுங்கியிருந்தது.

"நூறு வருஷமா அதுமேல ஒரு தோல் மாதிரி படிஞ்சிருக்கும். அதுதான் காசுக்குக் காவல். அது போயிடிச்சி. திரும்ப வராது" என்றார் கமலக்கண்ணன். கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது என்று அக்கா சொல்வார். "மீதியைத் தொடாதீங்க. தண்ணிகூட வேணாம்."

அக்கா வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அத்தா நம்பிக் கொடுத்ததை ஒரே மத்தியானத்தில் கெடுத்துவிட்டேனே என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அனஸ் போனில், "வர்ற வெலைக்கு வித்துடுக்கா, உனக்கு ஏன் இந்தக் கஷ்டம்" என்றார். அதற்கும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

சந்திரகலா ஒரு சனிக்கிழமை வந்தார். அக்காவோடு பள்ளியில் ஒரே பெஞ்ச். தவளக்குப்பத்தில் விவசாயக் குடும்பம். ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, டவுனில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராக வேலை பார்க்கிறவர். அறைக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாடி வாடை இது? பிளாஸ்டிக் கெட்டுப்போன வாடை."

அக்கா எல்லாவற்றையும் கொட்டினார். சந்திரகலா கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஓர் ஆல்பத்தைத் திறந்து, பச்சைப் பிசினை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது காசோட அழுக்கு இல்ல ஜீனத்து. இந்த பிளாஸ்டிக் கெட்டு அதுலருந்து ஆசிட் வருது. அதான் செம்பத் தின்னுது. நீ தேய்க்காம உட்டிருந்தாலும் இதுக்குள்ளயே கெடந்தா எல்லாம் போயிருக்கும்."

"அப்போ இன்னா செய்றது?"

"அசிட்டோன்ல போட்டா பிசினு மட்டும் கரையும். காச ஒண்ணும் செய்யாது. சுத்தமான அசிட்டோன். நகப்பாலிஷ் அழிக்கிறது கிடையாது, அதுல வேற என்னென்னவோ கலந்திருப்பான்."

அடுத்த ஞாயிறு காலையில் மொட்டைமாடியில் வேலை தொடங்கியது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கமே வேண்டாம் என்று சந்திரகலா சொல்லிவிட்டார். கண்ணாடி ஜாடியில் ஊற்றி, முதலில் ஆல்பத்தில் இருந்ததிலேயே சாதாரணமான ஒரு இருபத்தஞ்சு பைசாவைப் போட்டார்கள். சிறிது நேரத்தில் பச்சை நூல்நூலாகப் பிரிந்து மேலே வந்தது. காசை எடுத்து உலர்த்தினால் தேய்ந்த பழைய நிறம் அப்படியே இருந்தது. பிசுபிசுப்பு மட்டும் இல்லை. இரண்டு பேரும் மாடியில் நின்று சின்னப்பிள்ளைகள்போலக் கைதட்டினார்கள் என்று சந்திரகலா சொன்னார்.

அந்தச் சந்தோஷத்திலேயே இரண்டாவது தப்பும் நடந்தது. பிளாஸ்டிக் பைகளில் ஒவ்வொரு காசுக்குப் பின்னாலும் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. செப்புக்காசு ஒன்றில் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கவே, ஊறினால் பிரியும் என்று இரண்டையும் சேர்த்தே ஜாடியில் போட்டார்கள். பால்பாயிண்ட் பேனா மை அசிட்டோனில் கரைந்து, ஊதா நிறமாய்ச் சுழன்று போய்விட்டது. சீட்டு வெள்ளையாக மிதந்தது.

"என்ன எழுதியிருந்திச்சிடி அதுல?" என்றார் சந்திரகலா.

அக்கா வேறொரு சீட்டை எடுத்துப் பார்த்தார். அரபு எழுத்து. ஆனால் வாய்விட்டுப் படித்தால் தமிழ். தாஜுதீன் சின்ன வயதில் மதரஸாவில் கற்ற அரபுத்தமிழில் எழுதியிருந்தார். அனஸுக்கு அது படிக்க வராது. அக்காவுக்கு மட்டும் தாயார் கற்றுக்கொடுத்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார்:

"முத்தியால்பேட்டை தறிக்காரர். அலாரம் டைம்பீஸ். மணி அடிச்சா குழந்தை அழுவுதுன்னு சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்."

அடுத்தது: "பேர் சொல்லாத அம்மா. வீட்டுக்காரர் வாட்ச். அவர் இல்ல, வாட்ச் ஓடினா போதும்னாங்க."

எந்த ராஜா அடித்தது, எந்த வருஷம், என்ன விலை என்ற பேச்சே கிடையாது. யார் கொடுத்தார்கள், எந்தக் கடிகாரத்தோடு வந்தார்கள் என்பதுதான் அறுநூறு சீட்டிலும் இருந்தது. வீட்டில் பத்து வார்த்தைக்குமேல் பேசாத மனிதர். அக்கா அன்றைக்கு ஜாடியை மூடிவைத்துவிட்டார். முதலில் எல்லாச் சீட்டையும் படித்து நோட்டில் தமிழில் எழுதி முடிக்க வேண்டும், அதன்பிறகுதான் காசு. கரைந்துபோன ஒன்றுக்கு நோட்டில் ஒரு வரி காலியாக விட்டார். தேய்த்துக் கெடுத்த எட்டு காசுகளுக்கு நேராகப் பென்சிலால் எழுதினார்: 'தேய்த்தது நான். ஜீனத்துன்னிசா.' அப்படி எழுதின பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது என்றார்.

எழுதிக்கொண்டு வரும்போது ஒரு சீட்டில் தவளக்குப்பம் என்று வந்தது. "தவளக்குப்பம் சாமிக்கண்ணு. கல்யாண வாட்ச், ஸ்பிரிங் போனது. கிணறு வெட்டினப்போ கிடைச்ச துட்டு குடுத்தார். வேணாம்னேன், கேக்கல." சந்திரகலாவிடம் காட்டினார்.

"சாமிக்கண்ணா? எங்க பெரியப்பாடி!"

மறுவாரம் இருவரும் தவளக்குப்பத்துக்குக் கடலூர் பஸ் ஏறினார்கள். சாமிக்கண்ணுவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணில் புரை. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா காகிதத்தில் சுற்றியிருந்த காசை எடுத்தார். சின்னச் செப்புத் துட்டு. ஒரு பக்கம் பிரெஞ்சு ராஜாவின் அல்லிப்பூ, மறுபக்கம் தமிழ் எழுத்து. கையில் பருத்தி உறை போட்டிருந்தார். வியர்வை பட்டால் செம்பு கறுக்கும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தது சந்திரகலாதான்.

"நீங்க குடுத்ததா பாருங்க பெரியப்பா."

"கைல குடும்மா. எனக்கு எங்க தெரியுது."

அக்கா சந்திரகலாவைப் பார்த்தார். சந்திரகலா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அக்கா காசைப் பெரியவருடைய உள்ளங்கையில் வைத்தார். அவர் கட்டைவிரலால் பூவை மெல்லத் தடவினார்.

"இதான். ஒரு சொம்பு நெறையக் கெடச்சுது. பாத்திரக் கடைக்காரன் எடைக்கி எடுத்துக்கினு ஒரு அண்டா குடுத்தான். அந்த அண்டாவுலதான் இன்னிக்கும் எங்க வூட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் சோறு. இது ஒண்ணத்தான் வாட்ச்காரருக்குக் குடுத்தேன்." மறுபக்கம் திருப்பினார். "இன்னாமோ எழுதியிருக்குதே, இன்னா அது?"

"புதுச்சேரின்னு எழுதியிருக்கு பெரியப்பா."

"நம்ம ஊரு பேரா?" அவர் சிரித்துவிட்டார். "அன்னிக்கி ஒருத்தனும் படிச்சிச் சொல்லலியே. சொல்லியிருந்தா ரெண்ட எடுத்து வெச்சிருப்பேன்."

அரைமணி நேரம் அவர் காசைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. பஸ்ஸில் வரும்போது சந்திரகலா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அசிட்டோன்ல கழுவிக்கலாம்டி" என்று அக்கா முடித்துவிட்டார்.

சுத்தம் செய்வது ஒரு பாடு என்றால், எதில் வைப்பது என்பது அதைவிடப் பெரிய பாடாகப் போயிற்று. அதில்தான் தனக்குச் சிரமமே இருக்காது என்று அக்கா நினைத்திருந்தார். பெட்டிதானே, பத்து வருஷமாகச் செய்வது. சந்திரகலா ஒரு சோதனை சொன்னார். ஊறுகாய்ப் பாட்டில்களில் பளிச்சென்று தேய்த்த செப்புக் கம்பித் துண்டு ஒன்று, பழைய கொலுசின் வெள்ளித் துண்டு ஒன்று, ஈரப்பஞ்சு கொஞ்சம். பாட்டிலுக்கு ஒரு சாமான்: ஒன்றில் அட்டை, ஒன்றில் பசை, ஒன்றில் வெல்வெட், இன்னும் சிலதில் வேறு காகிதம், ஷீட் என்று. இறுக மூடி மாடி வெயிலில் ஒரு மாதம்.

மே மாதக் கடைசியில் திறந்து பார்த்தார்கள். அக்காவின் மஞ்சள் அட்டை இருந்த பாட்டிலில் செம்பு மங்கியிருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சும் அவருடைய மைதாப் பசை இருந்த பாட்டிலில் கம்பி பச்சையடித்துப் போயிருந்தது. வெல்வெட் பாட்டிலில் வெள்ளி கறுப்பு.

"நகைக்கடைக்கு இத்தினி வருசமா இதத்தானே குடுத்துக்கினு இருக்கேன்" என்று அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தா என்னவோ பெட்டி செய்கிறவள் என்று கொடுத்துவிட்டார், எனக்குத் தெரிந்த பெட்டி எதுவும் இதற்கு ஆகாது என்று தோன்றியதாம்.

இரண்டு பாட்டில்களில் மட்டும் கம்பியும் வெள்ளியும் வைத்தபடியே இருந்தன. ஒன்றில், பனியன் துணிக் கழிவிலிருந்து நம் ஊரில் செய்யும் கைக்காகிதம். இன்னொன்றில், கல்லூரியில் புரொஜெக்டருக்கு வைக்கும் கண்ணாடிபோன்ற ஷீட். ஆக, இந்த இரண்டை வைத்து, பசையே இல்லாமல் ஒரு பெட்டி செய்ய வேண்டும்.

அக்கா மடிக்க ஆரம்பித்தார். கடையில் மத்தியானம் ஆள் வராத நேரமெல்லாம் காகிதமும் கத்திரியுமாக உட்கார்ந்திருப்பார். முதலில் செய்ததில் காசு நழுவி விழுந்தது. பிறகு செய்தது திறக்கவே வரவில்லை. பதினான்காவதோ பதினைந்தாவதோ சரியாக வந்தது. காகிதத்தின் நடுவில் வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் ஷீட் வைத்து, நாலு நுனியையும் ஒன்றுக்குள் ஒன்று செருகினால் காசு அசையாமல் நிற்கும். இரண்டு முகமும் தெரியும். பின்னால் தனியாக ஒரு மடிப்பு, அதில் அத்தாவின் சீட்டு, காசில் படாமல். இப்படி இருபது கூடுகள் நிற்க ஒரு தட்டு, தட்டுகள் அடுக்க ஒரு பெட்டி. செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சப் போடும் சின்னப் பொட்டலம் தட்டுக்கு ஒன்று. எதிலும் ஒரு சொட்டுப் பசை கிடையாது.

அறுநூறு காசுக்கும் கூடு மடித்து முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. இடையில் ஒருநாள் கமலக்கண்ணன் கடைக்கு வந்து பார்த்தார். ஒரு தட்டை இழுத்து, ஒரு கூட்டைத் திறந்து மூடி, மறுபடி திறந்து மூடினார்.

"இதை எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் இல்ல சார். மடிச்சி மடிச்சிப் பாத்தேன்."

"எனக்கு முந்நூறு வேணும்" என்றார் அவர்.

2008 ஜனவரியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் கண்காட்சி வைத்தார்கள். அக்காவுக்கு நாலு மேசை. ராஜா வாரியாக, வருஷ வாரியாக வைப்பதுதான் முறை என்று கமலக்கண்ணன் சொன்னார். "எங்கத்தா ஆள் வாரியாத்தான் சார் வெச்சாரு" என்று அக்கா அப்படியே வைத்தார். ஒவ்வொரு காசுக்கும் கீழே சீட்டில் இருந்ததைத் தமிழில் எழுதி நிறுத்தியிருந்தார். மற்ற மேசைகளில் ஜனங்கள் நடந்துகொண்டே பார்த்தார்கள். அக்காவின் மேசையில் நின்று படித்தார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

இரண்டாம் நாள் முற்பகல், பக்கத்து வீடுகளுக்கு மீன் விற்றுவிட்டுக் காலிக்கூடையை வாசலில் வைத்துவிட்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். வீராம்பட்டினம் கன்னியம்மாள். இத்தனை பேர் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். படிக்கத் தெரியாது என்பதால் அக்கா படித்துக் காட்டிக்கொண்டே வந்தார்.

"வீராம்பட்டினம் ஆயம்மா. மீன் கூடையோட வந்தாங்க..."

"யாரு?" கன்னியம்மாள் அக்காவின் கையைப் பிடித்துவிட்டார். "எங்கம்மா பேரு ஆயம்மாதான். இன்னொரு தபா படி."

அக்கா நிதானமாகப் படித்தார். "வீராம்பட்டினம் ஆயம்மா. மீன் கூடையோட வந்தாங்க. மகன் கேட்டான்னு சந்தையில வாங்கின பழைய வாட்ச். வித்தவன் ஏமாத்திட்டான், உள்ள ஒண்ணுமே இல்ல. ஓடாதுன்னு சொல்ல மனசு வரல. என்கிட்ட இருந்த மெஷின் ஒண்ண மாத்தி வெச்சேன். அவங்களுக்குச் சொல்லல."

கன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினார். பிறகு அழுகையும் சிரிப்புமாக, "ஓடிச்சிம்மா! எங்கண்ணன் அதக் கட்டிக்கினுதான் பொண்ணு பாக்கவே போச்சு. எட்டு வருசம் ஓடிச்சி. எங்கம்மா சாவுற வரைக்கும் சொல்லும், சந்தையில நல்ல வாட்சா பாத்து வாங்கினேன்னு" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவின் கண்ணாடி நனைந்துவிட்டது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அம்மா சொன்னது அப்படியே இருக்கட்டும். அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

மறுநாள் கன்னியம்மாள் அண்ணனையே கூட்டிக்கொண்டு வந்தார். மெஷின் மாற்றின கதையைச் சொல்லிவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அண்ணன் அந்தக் காசுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அனஸும் அன்றைக்கு வந்திருந்தார். மேசைக்கு மேசை அத்தாவின் வாக்கியங்களைப் படித்துவிட்டு, விற்பது பற்றி அவர் அதன்பிறகு பேசவில்லை.

இப்போது முல்லா வீதிக் கடையில் இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். ஸ்வீட் பெட்டி அவர்கள் பொறுப்பு. நகைக்கடைக்கு வெல்வெட்டை நிறுத்தி, கைக்காகிதத்தில் மடித்த பெட்டி போகிறது. முதலில் முணுமுணுத்த கடைக்காரர், வெள்ளிச் சாமான் கறுக்கவில்லை என்றதும் அதையே தொடர்ந்து கேட்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் அக்கா வேறு வேலை எதையும் தொடுவதில்லை. அன்று பழங்காசுக்காரர்களின் நாள். காரைக்காலிலிருந்துகூட வருகிறார்கள். முதலில் அவர்களிடம் அவர் சொல்வது, புளியும் பல்பொடியும் வேண்டாம் என்பதைத்தான்.

போன வாரம் போனபோது மேசைமேல் காசு இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ஒருவரின் பேத்தி கொண்டுவந்து கொடுத்த மெடல்கள் ஏழு, ரிப்பனோடு. செம்புக்கு ஒரு வழி தெரியும், சாயம் போகும் பட்டுத்துணிக்கு என்ன வழி என்று அக்காவும் சந்திரகலாவும் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஊறுகாய்ப் பாட்டில்கள் புதிதாக வரிசை கட்டியிருந்தன. எனக்கு டீ சொல்லக்கூட இருவருக்கும் நினைவில்லை. நானே போய் மூன்று டீ வாங்கி வந்தேன்.